கடிதத்தின் உச்சியில் ஓர் இரண்டு

அத்தியாயம் 4

மொட்டைக் கடிதம் என்றாலே மந்திரமூர்த்திக்குக் குமட்டும். பதினோரு வருஷம் போலீஸ் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஒருநாள் மேலதிகாரியின் மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்த மனிதர் அவர். வெட்டு, குத்து, விஷம் எல்லாம் பார்த்தாயிற்று. அரிவாளைத் தூக்குகிறவனாவது எதிரே வந்து நிற்கிறான். இந்த ரகமோ தபால்தலையை நக்கி ஒட்டிவிட்டு, சாயங்காலம் அதே வீட்டு வாசலுக்கு வந்து துக்கம் விசாரிக்கும். தென்காசியில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த தன் துப்பறியும் நிலையத்தில், மேஜை மேல் கிடந்த கடிதத்தை அவர் விரலால் தொடவே இல்லை.

உதவியாளர் பிருஹதாம்பாள்தான் பென்சில் முனையால் அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது. நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை டைப் அடிப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள்.

"செத்த எலியைப் புரட்டற மாதிரி இருக்கு சார். அதுக்காவது வால் உண்டு, இதுக்குக் கையெழுத்துகூட இல்லை" என்றாள்.

கடிதம் கம்ப்யூட்டரில் அச்சானது. இரண்டு ஓரங்களிலும் ஓட்டை போட்ட காகிதம். இங்கிலீஷ் பெரிய எழுத்துகளில் தமிழை அடித்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகிற மருமகள் வள்ளித்தாய்க்கு வலிப்பு நோய் உண்டு, மூன்று முறை விழுந்திருக்கிறாள், சந்தேகம் இருந்தால் தென்காசி ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளவும், இப்படிக்கு நலம் விரும்பி. அவ்வளவுதான். காகிதத்தின் உச்சியில், நட்டநடுவில், தன்னந்தனியாக 2 என்று ஓர் எண் இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்தான் அந்த வள்ளித்தாய். ஆலங்குளத்துப் பரமசிவனின் மகள், இருபத்தைந்து வயது, ஊரிலேயே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை குற்றாலிங்கம், சப் இன்ஸ்பெக்டர் தேர்வில் தேறியவன். கடிதம் ஜூலை ஒன்பதாம் தேதி குற்றாலத்தில் முத்திரை வாங்கி, பத்தாம் தேதி மாப்பிள்ளையின் அப்பா கையில் போய் விழுந்தது. பதினோராம் தேதி அவர் அதைப் பரமசிவன் வீட்டில் வீசிவிட்டுப் போக, சம்பந்தம் முறிந்தது. இன்று பதினான்கு, செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை ஆடி பிறக்கிறது. அதற்குள் நல்ல காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் வியாழக்கிழமை ராயகிரியில் வேறொரு வீட்டில் தாம்பூலம் மாற்றப் போகிறார்களாம்.

இத்தனைக்கும் குற்றாலிங்கம் அவளைக் கைவிடவில்லை. சிநேகிதன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அப்பாதான் பிடிவாதம் பிடிக்கிறார், இது எந்த விரோதி செய்த வேலை என்று கண்டுபிடித்துக் காட்டினால் அப்பாவோடு சண்டை போட்டாவது உன்னைக் கட்டுகிறேன் என்று. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அப்பாவைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள்.

கடிதத்தில் இருப்பது பொய்தானே என்று மந்திரமூர்த்தி ஒப்புக்குக் கேட்டார். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நெசந்தான் சார். மூணு தடவ விழுந்தேன். மூணாந்தடவைதான் ஆஸ்பத்திரில சேத்தாவ. மாத்திர சாப்ட்டு நாலு வருசமாச்சு, இப்ப ஒண்ணும் கெடையாது. அதுல எனக்கு வெக்கம் இல்ல. எழுதுனது யாருன்னு தெரிஞ்சா போதும், அவிய அப்பாகிட்ட பேசிருவாவ."

விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டதற்கு, அப்பா, அம்மா, ஆஸ்பத்திரி, வேறு வெளியாள் ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். பிருஹதாம்பாள் அதை அப்படியே குறித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றி அந்தப் பெண் சொன்ன இன்னொரு சேதிதான் மந்திரமூர்த்தியின் வாயைக் கசக்க வைத்தது. உச்சியில் இரண்டு என்று போட்டிருப்பதால் இது இரண்டாம் பக்கம், முதல் பக்கத்தில் இதைவிடப் பெரிய சங்கதி இருக்க வேண்டும் என்று அந்த மனுஷர் தபால்காரரை மூன்று நாளாக நிறுத்தி வைத்து விசாரிக்கிறாராம். கம்ப்யூட்டரில் வந்தது பொய்யாக இருக்காது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சுக்கு முதல் பக்கம் தேடி அலைகிற கிழவனை என்னவென்று சொல்வது.

வள்ளித்தாயை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் பிருஹதாம்பாள் ஒரு புதுத் தாளை எடுத்து, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுத உட்கார்ந்தாள். மந்திரமூர்த்தி எதேச்சையாக அதை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தாளின் உச்சியில் அவள் கை தன்பாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டிருந்தது.

"பிருகதா, பழைய தமிழ்க் கணக்குல ரெண்டுக்கு என்ன எழுத்து?"

"உ. ஒண்ணுக்கு க, ரெண்டுக்கு உ. ஏன் சார், ஜோசியம் படிக்கப் போறேளா?"

"அந்தக் கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து கெடையாது. பிள்ளையார் சுழி போடாம எழுதவும் மனசு வராது. அப்படிப்பட்டவன் என்ன செய்வான்?"

அவள் கடிதத்தைப் பார்த்தாள். தன் தாளைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளையாருக்கே இங்கிலீஷ் கற்றுக்கொடுத்துவிட்டான் என்றாள். அது பக்க எண் இல்லை. உ என்று போட முடியாமல் 2 என்று போட்ட பிள்ளையார் சுழி.

இதைச் செய்யக்கூடியவன் தென்காசி வட்டாரத்தில் ஒருவன்தான். கம்ப்யூட்டரும் அதற்கு வேண்டிய புரோகிராமும் விற்கிறவன் பிச்சையா. மதுரையில் கணக்குப் படித்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடையை ஒட்டி ஏர்கூலர் வைத்த அறையில் உட்கார்ந்திருந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னான். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். பக்கத்துக் கடையில் டியூப் ஒட்டுகிற ரப்பர் நாற்றம் மட்டும் தடையில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

கடிதத்தைக் காட்டியதும் அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் தொழில் பெருமை என்று ஒன்று இருக்கிறதே. அந்த இரண்டு தான் போட்டதுதான் என்று ஒப்புக்கொண்டான். எந்த வாடிக்கையாளருக்குப் போட்டது என்று மந்திரமூர்த்தி கேட்டதற்கு, எல்லாருக்கும் என்றான்.

"ஒவ்வொரு கடைக்கும் புதுசு புதுசா எழுதுனா விளங்குமா அண்ணாச்சி? நான் பாகம் பாகமா எழுதி வச்சிருக்கேன். பேரு விலாசம் எழுதுதது ஒரு பாகம், தேடுதது ஒரு பாகம், கடுதாசி அடிக்கது ஒரு பாகம். புது ஆள் வந்தா, அங்கன உள்ளதக் கழத்தி இங்கன மாட்டிருவேன். ஆறு மாச வேல ஆறு நாள்ல முடிஞ்சிரும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் துப்பு தண்ணீரில் போட்ட உப்பாகக் கரைந்துவிட்டது என்று மந்திரமூர்த்திக்குத் தோன்றியது. அவன் வாடிக்கையாளர்கள் நாலு பேர். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, கடையநல்லூரில் ஓர் அரிசி ஆலை, குற்றாலத்தில் ஒரு லாட்ஜ், அதே குற்றாலத்தில் ஒரு திருமணத் தகவல் நிலையம். நாலு இடத்திலும் கடிதம் அடிக்கிறது ஒரே பாகம். அப்படியானால் நாலு இடத்துக் கடிதத்திலும் இதே இரண்டு இருக்கும்.

"ஆஸ்பத்திரியில இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் பிருஹதாம்பாள்.

பிச்சையா தலையைச் சொறிந்தான். அங்கே அதை எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். மருந்துச் சீட்டின் உச்சியில் இரண்டைப் பார்த்துவிட்டு ஒரு நோயாளி எல்லா மாத்திரையிலும் இரண்டிரண்டாக விழுங்கிவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாராம். டாக்டர் பிச்சையாவைக் கூப்பிட்டுத் திட்டிய திட்டு இன்னும் காதில் நிற்கிறதாம்.

"ரைஸ் மில்?"

முதலாளி ராவுத்தர். பிள்ளையார் சுழியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்களுக்கு இந்த இடத்தில் 786 வரும் தம்பி என்றார். மாற்றிக் கொடுத்தாயிற்று. லாட்ஜ் முதலாளியோ கறுப்புச் சட்டைக்காரர். சாமி பூதம் எதுவும் தன் லாட்ஜ் காகிதத்தில் ஏறக் கூடாது என்று கூடவே உட்கார்ந்து அதை நீக்க வைத்தார். பாகம் ஒன்றுதான் என்றாலும் அதன் தலையை மட்டும் ஒவ்வொருவரும் தங்கள் விருப்பத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

"மிச்சம்?" என்றார் மந்திரமூர்த்தி.

கல்யாணத் தகவல் நிலையம் நடத்துகிற நமசிவாயம் அண்ணாச்சி, இது மங்கள காரியம் நடக்கிற இடம், பிள்ளையார் சுழி இல்லாமல் ஒரு காகிதம் வெளியே போகக் கூடாது என்று சொல்லி, அதை யாரும் எடுக்க முடியாதபடி பூட்டியே வைக்கச் சொல்லிவிட்டாராம்.

"மங்களம் பொங்கறது" என்றாள் பிருஹதாம்பாள்.

பிச்சையாவையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போகும் வழியில், வள்ளித்தாயைச் சேர்த்திருந்த அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பிச்சையா சொன்னது சரி. சீட்டில் இரண்டும் இல்லை, உ-வும் இல்லை. டாக்டர் கோபக்காரர்தான், ஆனால் நேரானவர். தங்களிடமிருந்து ஒரு எழுத்துகூட வெளியே போகவில்லை என்று காட்ட அந்தப் பெண்ணின் பதிவை எடுத்துத் தான் மட்டும் பார்த்தார். ஒரே ஒரு தடவை வந்தவள், அதற்கு முன்னால் நடந்தது எதையும் வீட்டார் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பேன் என்று அந்தப் பழைய கோபத்தையும் சேர்த்து இவர்கள் மேல் கொட்டினார்.

வெளியே வந்ததும் மந்திரமூர்த்தி வெற்றிலையைத் துப்பினார். கடிதத்தில் மூன்று முறை என்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்ததோ ஒன்று. மற்ற இரண்டும் வீட்டுக்குள்ளிருந்துதான் போயிருக்க வேண்டும். பரமசிவனா, அவர் மனைவியா? பெற்றவர்களையே சந்தேகப்பட வைக்கிற இந்தப் பிழைப்பின் மீதே அவருக்கு அருவருப்பு வந்தது.

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் விழுந்துகொண்டே இருக்க, தலையில் எண்ணெய் வழிய, தோளில் ஈரத் துண்டோடு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஐந்தருவி ரோட்டில் நடந்தார்கள். கடைக்குக் கடை நேந்திரங்காய் வறுவல் கொதிக்கும் எண்ணெயில் விழுந்தது. அந்த ரோட்டின் திருப்பத்தில்தான் நமசிவாயம் தன் நிலையத்தை வைத்திருந்தார். சீசனுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் அருவியில் குளித்த கையோடு ஒரு ஜாதகத்தையும் கொடுத்துவிட்டுப் போக வசதியான இடம்.

நமசிவாயத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம், வாயில் ஏலக்காய் வாசனை. அவர் வாங்க என்று சொன்ன விதத்திலேயே மந்திரமூர்த்திக்குக் கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். பிருஹதாம்பாள் அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாள். பிச்சையா மெஷினைச் சரிபார்க்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, பிருஹதாம்பாள் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மந்திரமூர்த்தி சுற்றி வளைக்கவில்லை. வள்ளித்தாய் விவகாரம் என்றார். நமசிவாயம் கண்ணை மூடி, சிவ சிவா என்றார். அந்த ஜோடியைச் சேர்த்து வைத்தது தான்தான் என்றும், முறிந்த சேதி தெரிந்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றும், ஆஸ்பத்திரிக்காரர்கள் இப்படிச் செய்யலாமா என்றும் வருத்தப்பட்டார். எப்போது தெரியும் என்று கேட்டார் மந்திரமூர்த்தி. பதினோராம் தேதி, பையனின் அப்பா வந்து சொல்லித்தான் தெரியும் என்றார். அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் பையன் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்ததாகவும், பன்னிரண்டாம் தேதி ராயகிரி வீட்டுக்குத் தகவல் கொடுத்ததாகவும் சொன்னார். தேதிகளைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். பிருஹதாம்பாள் பிச்சையாவின் முழங்கையைத் தட்டினாள்.

திரையில் பச்சை எழுத்துகளில் குற்றாலிங்கத்தின் பெயர் வந்தது. வயது, நட்சத்திரம், உத்தியோகம். அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டு அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், இங்க ரூம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு நேரே ஆலங்குளம், பரமசிவன் டாட்டர்னு போட்டிருக்கு. செக் இன் ஏப்ரல் மாசம்."

நமசிவாயத்தின் கையில் இருந்த கற்கண்டுத் தட்டு அசையாமல் நின்றது. பிச்சையா தலையைக் குனிந்துகொண்டு விளக்கினான். பேரு விலாசம் எழுதுகிற பாகத்தை முதன்முதலில் லாட்ஜுக்குத்தான் எழுதினான். தங்க வருகிறவர் பெயர், எந்த அறை, வந்த தேதி, காலி செய்த தேதி. அதைக் கழற்றி இங்கே மாட்டும்போது தலைப்புகளை மாற்ற மறந்துபோனான். பிறகு ஞாபகம் வந்து மாற்றித் தருகிறேன் என்று கேட்டதற்கு, இதுவே பொருத்தமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்று நமசிவாயம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தங்க வருகிறவன். பெண் அறை.

மந்திரமூர்த்தி நமசிவாயத்தின் நெற்றியையே பார்த்தார். இத்தனை விபூதிக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒவ்வொரு வீட்டுப் பெண்ணையும் அறை என்று தன் கையால் அடித்திருக்கிறான் இந்த மனுஷன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கற்கண்டு கொடுத்திருக்கிறான்.

"செக் அவுட் எப்ப?" என்றார்.

"நாலாம் தேதி. ஜூலை நாலு, சனிக்கிழமை" என்றாள் பிருஹதாம்பாள்.

கடிதம் தபாலில் விழுந்தது ஒன்பதாம் தேதி. சம்பந்தம் முறிந்தது பதினொன்று. மாப்பிள்ளை காலி செய்ததோ நாலாம் தேதியே. தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நமசிவாயம் முனகினார். அதற்கு பிச்சையாவே பதில் சொன்னான். தேதியை ஆள் போட முடியாது, எந்த நாளில் எழுதுகிறோமோ அந்த நாளை மெஷின் தானாகவே போட்டுக்கொள்ளும். லாட்ஜ் முதலாளி அப்படிக் கேட்டு வாங்கியது.

"என்ன வே" என்றார் மந்திரமூர்த்தி. அண்ணாச்சி என்ற மரியாதை எல்லாம் வாசலோடு போயிருந்தது. "கடுதாசி எழுதுததுக்கு அஞ்சு நாள் முன்னாலயே சம்பந்தம் முறியும்னு ஒமக்கு எப்படித் தெரிஞ்சுது? ராயகிரில பெரிய எடம் கெடைச்சிட்டுதுன்னு நீரே எழுதிப் போட்டீரு. அந்த மூணு தடவக் கதைய யார் சொன்னா? பையனோட அப்பாவா?"

"அப்பா இல்லை சார்" என்றாள் பிருஹதாம்பாள். அவள் குரலில் இருந்த கேலி போய்விட்டிருந்தது. "இன்னும் ஒரு வரி இருக்கு."

லாட்ஜில் ஒருவர் அறை எடுப்பார், இன்னொருவர் வந்து சாமானைத் தூக்கிக்கொண்டு காலி செய்துவிட்டுப் போவார். பிறகு வழக்கு வரும். அதனால் காலி செய்தது யார் என்று அந்தப் பாகம் கட்டாயம் கேட்கும். பதில் போடாவிட்டால் அடுத்த வரிக்கு நகராது. உறவினர் என்று போடலாம், நண்பர் என்று போடலாம். நமசிவாயம் அந்த மெஷினுக்கு மட்டும் பொய் சொல்லப் பயந்திருக்கிறார்.

"செக் அவுட் செய்தவர், செல்ஃப்" என்று அவள் வாசித்தாள். "தானே வந்து காலி பண்ணியிருக்கான்."

அப்பாவோடு சண்டை போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிய அதே குற்றாலிங்கம். நமசிவாயம் கற்கண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விபூதி பாதி அழிந்தது. மறுத்துப் பார்க்கவில்லை. அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

பையன் வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்தானாம். வேலை ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, இனி ஆலங்குளம் சரிப்படாது என்றானாம். அந்தப் பெண்ணே தன் வாயால் சொன்னாள் என்று வலிப்பு விஷயத்தை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். ஆஸ்பத்திரிப் பெயரைச் சேர்த்தால் எல்லோரும் அந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்று யோசனை சொன்னவனும் அவனே. போலீஸ் வேலைக்குப் போகிற பிள்ளை அல்லவா. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு முதல் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"நேர்ல வேண்டாம்னு சொன்னா அந்தப் பிள்ள மனசு புண்படும்லா" என்றார் நமசிவாயம். முகத்தில் நிஜமான இரக்கம் இருந்தது. "கடுதாசின்னா யார் மேலயும் பழி வராது. நல்ல மாப்பிள்ளைய ஒரே எடத்துல மாட்டி வீணாக்கக் கூடாது அண்ணாச்சி. அங்கன கழத்துனா இங்கன மாட்டலாம். பிச்சையா தம்பியக் கேளுங்க, அவிய தொழிலும் அதான்."

பிச்சையாவின் முகம் செத்துப்போனது. அவன் எழுந்து, மெஷினின் பின்பக்கத்திலிருந்த வயரைப் பிடுங்கி, ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். குற்றாலிங்கத்தின் பதிவை அதற்கு முன்பே அச்செடுத்துக் கொடுத்திருந்தான். நமசிவாயம் பணம் கட்டிய பொருள் அது என்று தடுத்தபோது, போலீசுக்குப் போய்ச் சொல்லும், நானும் வருதேன் என்று மட்டும் சொன்னான். அந்தத் தாளை மடித்துக்கொண்டு மூவரும் சாரலில் இறங்கி நடந்தார்கள். அச்செடுத்த அந்தத் தாளின் உச்சியிலும் இரண்டு இருந்தது.

ஆலங்குளத்தில் பரமசிவன் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். வள்ளித்தாய் வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் கண்ணில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும், இந்த ஒரு வழக்கிலாவது தோற்றுப் போயிருக்கக் கூடாதா என்று மந்திரமூர்த்தி நினைத்தார். ஆள் யார் என்று தெரிந்துவிட்டதா, வியாழக்கிழமைக்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். அவர் சுற்றி வளைக்காமல் தாளை நீட்டினார். எந்த வரியை வாசிக்க வேண்டும் என்று விரலால் காட்டினார்.

வாசித்தாள். அறை என்று இருந்த வரியையும் வாசித்தாள். கடைசி வரியில் வெகுநேரம் நின்றாள்.

"வெளியாள் யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே தாயி" என்றார் மந்திரமூர்த்தி மெதுவாக.

"ஆமா சார். போன மாசம் ரெண்டு வீடும் சேந்து ஐந்தருவிக்குப் போயிருந்தோம். அப்ப சொன்னேன். மறைக்கக் கூடாதுன்னு சொன்னேன். மூணு தடவன்னு அவிய ஒருத்தர்கிட்டதான் சொல்லிருக்கேன்." அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க கேட்டப்ப அவியள நான் வெளியாளா நெனைக்கலையே."

உள்ளேயிருந்து அம்மா யார் வந்திருக்கிறது என்று கேட்டாள். வள்ளித்தாய் தாளில் இருந்த தேதியின் மீது விரலை வைத்தாள்.

"இது சனிக்கெழமையா?"

சனிக்கிழமைதான் என்றார் மந்திரமூர்த்தி.

"மறுநா ஞாயித்துக்கெழம இங்கன வந்தாவ. மாம்பழம் வாங்கிட்டு வந்தாவ. அம்மா கோழி அடிச்சுக் குழம்பு வச்சா. நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவ சோறு போடச் சொல்லி..." அவள் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்னான். தின்னுட்டு எந்திரிச்சான். அம்மா எலை எடுக்க வந்தா. நீ இரி, நாந்தான் எடுப்பேன்னு நான் எடுத்தேன். அவன் எச்சி எலைய."

வியாழக்கிழமை ராயகிரிக்கு இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று மந்திரமூர்த்தி கேட்டார். அங்கேயும் ஒரு பெண் இருக்கிறாளே, கொடுங்க சார் என்றாள் வள்ளித்தாய். இவனைத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசல் ஓரத்தில் இருந்த தொட்டிக்குப் போனாள். சோப்புக் கட்டியை எடுத்து, மணிக்கட்டு வரைக்கும் நுரை வரத் தேய்த்து, இரண்டு கையையும் கழுவினாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி சோப்பை எடுத்தாள்.